இரண்டு இருக்கைக் கார்

பிறேக் ஒயிலுக்கு இனிப்பும் காரமும் கலந்த ஒரு மணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அது மாமாவின் கைகளிலும் அக்காவின் பாவாடையிலும் வீசும், சின்னவளான என்னிடம் வீசாது.

அம்மாவின் தம்பியான மாமா துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்தார். ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத்துரையிடம் வாங்கிய சிவப்பு "றேஸ் கார்" ஒன்றை, ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் வைத்திருந்தார். அதில் இரண்டே இருக்கைகள். முன்சக்கர, பின்சக்கரப் பிறேக் குழாய்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறிய பித்தளை வால்வு இருந்தது. எந்தக் குழாயிலாவது ஒயில் ஒழுகினால் வால்வுக்குள் இருக்கும் தண்டு ஒருபக்கம் ஒதுங்கி, மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கை எரிய வைக்கும். மாமா அந்த வால்வைக் கழற்றித் துடைத்துப் பூட்டிய பிறகு, குழாய்களிலுள்ள காற்று வெளியேற ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க வேண்டும். "கோழி மிதிக்கிற மாதிரி மிதி, குஞ்சு சாகப்படாது" என்பார். அந்த வேலை அக்காவுக்குத்தான். முடிந்ததும் பக்கத்து இருக்கையும் அவளுக்குத்தான்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு ஞாயிறு நான் கெஞ்சி ஏறினேன். ஆசையில் ஓங்கி மிதித்துவிட்டேன். தண்டு ஒதுங்கி விளக்கு எரிந்தது. மாமா வால்வைத் திரும்பக் கழற்றி, அக்கா எழும்பும்வரை காரை அப்படியே விட்டுவிட்டார். அதற்குப் பதில் அவர் என்னை ஏசியிருக்கலாம்.

பிறகொரு நாள் இருவரும் தம்பலகாமம் போய்த் திரும்புகையில் பின்பிறேக் குழாய் வெடித்து, அந்த விளக்கு எரிந்திருக்கிறது. அக்கா கண்டு சொன்னதால் மாமா வேகத்தைக் குறைத்தாராம். வளைவில் குறுக்கே நின்ற உழவு மெஷினுக்குச் சற்று முன்னால், முன்பிறேக்கின் பிடியில் மட்டும் கார் நின்றதாம். அம்மா அக்காவை வாசலில் நிறுத்தி, மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். "ஆற்ற கண் பட்டுதோ" என்று அவர் முணுமுணுத்தபோது நான் குசினிக் கதவோடு நின்றேன். அக்கா உயிரோடு வந்தது சந்தோசம்தான். ஆனால் சாவுக்குக் கிட்டப் போய்வந்த பெருமையும் அவளுக்கே ஆகிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது.

உதிரிப்பாகங்கள் கிடைக்காமல் போகவே மாமா காரைக் கொழும்பில் யாருக்கோ விற்றார். கொட்டில் இருந்த இடத்தில் இன்று மாடிவீடு. மாமாவும் இல்லை. போன கிழமை கனடாவிலிருந்து அக்கா கதைத்தபோது அந்தக் காரின் பேச்சு வந்தது.

"எனக்கு அதில ஏறவே பயம். மாமா மனம் நோவார் எண்டுதான் போனனான். நீ கேட்டிருந்தா உனக்கு விட்டிருப்பன்" என்றாள்.

"ஓம்" என்றேன். அவளுக்கு அது விருப்பமில்லாமலே கிடைத்திருக்கிறது என்று அறிந்த பிறகு, இந்த வயதிலும், பொறாமை கூடித்தான் போயிற்று.