குளிர் அறையின் உள்பக்கக் கைப்பிடி

நட்டநடு ராத்திரி, கொட்டும் மழை, நாய் ஊளை... எதுவும் இதில் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்கிறேன். யாருக்கு நடந்ததோ அவள் பொய் சொல்லிப் பிழைப்பவள் அல்ல. உண்மையை எழுதிக்கொடுத்து வாடிக்கையாளர்களை இழந்தவள்.

தொழிலில் அவளை எல்லோரும் 'டார்ச்' என்றுதான் கூப்பிடுவார்கள். பகலிலும் கையில் டார்ச்சோடு அலைவதால் வந்த பெயர். கடை, கிடங்கு, அலுவலகம் என எந்தக் கட்டடமானாலும் சுற்றிப் பார்த்து, ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று எழுதித் தருவது அவள் வேலை. அவள் பூட்டு விற்பதில்லை, கேமரா விற்பதில்லை. அதனால் யாருக்கும் ஒத்து ஊத வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று போனது ஒரு மருந்துக் கிடங்குக்கு. வெளியாள் ஒருவரின் அறிக்கை இல்லாமல் காப்பீட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனம் கறாராகச் சொல்லிவிட்டது. முதலாளிக்கு எரிச்சல்.

"கதவு போட்ட கம்பெனிக்காரங்களே வருஷா வருஷம் செக் பண்ணித்தான் கொடுக்குறாங்க. பாருங்க, எல்லாம் சரின்னு இருக்கு."

டார்ச் புரட்டிப் பார்த்தாள். ஏழு வருட அறிக்கைகள். குளிர் அறை, உள்பக்கக் கைப்பிடி: சரி. ஏழிலும் அதே வரி.

"யாராவது உள்ள போய், கதவ சாத்திட்டு, திறந்து பாத்தாங்களா சார்?"

முதலாளி சிரித்தார். "அதெல்லாம் எதுக்கும்மா?" காரில் ஏறிப் போய்விட்டார்.

கட்டடத்தில் மிஞ்சியது அவளும் காவலாளியும்தான். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

குளிர் அறை கிடங்கின் கடைசியில் இருந்தது. நீளமான அறை. நான்கு டிகிரி. இருபுறமும் ஊசி மருந்துப் பெட்டிகள். மேலே மூன்று விளக்குகள், ஒவ்வொன்றும் தனக்குக் கீழே யாராவது அசைந்தால் எரியும். அசைவு நின்றால் சற்று நேரத்தில் அணையும். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி.

"நான் உள்ள இருக்கும்போது நீங்க இங்கயே நிக்கணும்," என்றாள்.

"சரி மேடம்."

வாசலில் மணி அடித்தது. "ஒரு நிமிஷம் மேடம்" என்று அவர் ஓடினார். அவள் தன் கருவிப்பையைக் கதவிடுக்கில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, அபாய மணிப் பொத்தானைப் பார்க்க உள்ளே நான்கு அடி எடுத்து வைத்தாள்.

சர்ர்ர்... தரையில் எதுவோ உரசும் சத்தம்.

திரும்பினாள். பை அவள் காலருகே இருந்தது. யாரோ எடுத்து வந்து ஒழுங்காக வைத்ததைப் போல.

கதவு மெதுவாக மூடிக்கொண்டிருந்தது.

டக்.

மணி 3:26.

கைப்பிடியைத் திருப்பினாள். மரை போன குழாயைப் போலச் சும்மா சுற்றியது. பொத்தானை அழுத்தினாள். உள்ளே போனது. சத்தம் இல்லை. போனில் சிக்னல் இல்லை, சுற்றிலும் இரும்பு.

3:38. கண்ணாடி வழியாகக் காவலாளி தெரிந்தார். கிடங்கின் மறுகோடியில் ஸ்டூலில் உட்கார்ந்தார். டார்ச்சால் கதவை அடித்தாள். கத்தினாள். வெளிச்சத்தைக் கண்ணாடியில் ஆட்டினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தார். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

விரல்கள் மரத்துப்போயின. நாளைக் காலை ஒன்பது மணிக்குத்தான் கிடங்கு ஆட்கள் வருவார்கள். இதே ஆபத்தை எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்... கை கட்டப்பட்ட மாதிரி நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. அழக்கூடத் தோன்றவில்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, கதவில் சாய்ந்து நின்றாள்.

அசையாமல் நின்றதால் தலைக்கு மேல் இருந்த விளக்கு அணைந்தது. ஒரே இருட்டு.

4:07.

அறையின் கடைசி விளக்கு எரிந்தது.

அவள் அசையவில்லை.

நடு விளக்கு எரிந்தது.

அவள் மூச்சுக்கூட விடவில்லை...

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை.

டொக்... டொக்... டொக்...

கதவில். அவள் முழங்கால் உயரத்தில். உள்பக்கம்.

யாரோ உட்கார்ந்து தட்டுவதைப் போல. பலமே இல்லாமல்.

"யா... யாரு?"

தட்டுவது நின்றது. காலருகே ஒரு சின்ன மூச்சு, ஆவியாக மேலே வந்தது.

"தட்டாதீங்க. அவங்களுக்குக் கேக்காது."

பெண் குரல். சலித்துப்போன குரல்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் டார்ச்சுக்கு ஞாபகமில்லை. 4:53க்குக் கதவு திறந்தது. காவலாளி.

"ஷிஃப்ட் மாறுது மேடம், சொல்லிட்டுப் போலாம்னு..." அவள் முகத்தைப் பார்த்துப் பதறினார். "என்ன ஆச்சு?"

"நான் கத்தினேன்... நீங்க பாத்தீங்க..."

"நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்." அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அந்த மேடம் வரலையா?"

மறுநாள் முதலாளி சத்தியம் செய்தார். அந்த அறையில் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. ஏழு அறிக்கையிலும் ஒரு குறைகூட இல்லையே? கொஞ்சம் பார்த்து எழுதும்படி கெஞ்சினார், பிறகு மிரட்டினார். டார்ச் மசியவில்லை. கைப்பிடி வேலை செய்யவில்லை, அபாய மணிக்கு ஒயரே இணைக்கவில்லை, கதவை மாற்றும் வரை அந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது என்று எழுதினாள். வேறு வழியில்லாமல் வேறொரு கம்பெனியை வைத்துக் கதவை மாற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்து, பழைய கதவைக் கழற்றிய மெக்கானிக் அவளுக்குப் போன் செய்தார். அறிக்கையில் இருந்த நம்பரைப் பார்த்து.

"மேடம், கதவோட உள்பக்கம் பெயிண்ட் உரிஞ்சு வந்துது. கீழ... முட்டி உயரத்துல நகக் கீறல். அதுக்கு மேலயே பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க."

டார்ச் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அதையும் சுரண்டிப் பாத்தேன் மேடம். அதுக்கு அடியில இன்னொரு கோட் பெயிண்ட். அதுலயும் கீறல் இருக்கு."

"அதே ஆளா இருக்கும்..."

"இல்ல மேடம். மேல இருக்குறதுல அஞ்சு விரலும் இருக்கு. அடியில இருக்குறதுல நாலுதான்."