கோட்டையூரில் ஏறிய பரிசல்

எழுபதுகளின் கடைசியில் நான் மேட்டூர் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். சொந்த ஊர் பரமத்தி வேலூர். கல்யாணம் ஆகவில்லை. என் ஜாதக தோஷத்துக்குப் பரிகாரம் செய்து செய்து களைத்துப்போன அப்பா, எனக்கு வேலை கிடைத்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். தங்கைக்கு முடித்துவிட்டார்கள். நான் மேட்டூரில் ஒரு வீட்டு மாடி அறையில் தனியாகத் தங்கியிருந்தேன்.

வேலை நேரம் முழுக்கக் காதில் குரல்கள்தான். சேலத்து நூல் வியாபாரிகள், நாமக்கல் லாரி ஆபீஸ்காரர்கள், குழந்தை பிறந்த செய்தியைக் கத்திச் சொல்லும் அப்பாக்கள். எல்லோருக்கும் என் பெயர் 'எக்சேஞ்ச்'. "எக்சேஞ்ச், ராசிபுரம் என்னாச்சு?" என்பார்கள். லைன் கொடுத்துவிட்டு நான் விலகிக்கொள்ள வேண்டும். அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் பால்காரரிடம் ஏதாவது சொல்லும்போது குரல் கரகரக்கும். அன்றைக்கு அப்போதுதான் முதலில் வாய் திறக்கிறேன் என்பது அதற்குப் பிறகே உறைக்கும்.

லீவு நாட்களில் அணைக்குப் போய் நிற்பேன். எங்கள் ஊர்க் காவிரி வேறு மாதிரி. அகலமான மணல், ஓரமாக ஒதுங்கி ஓடும் தண்ணீர், கரையில் வெற்றிலைக் கொடிக்கால். இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் கிடந்தது. வடக்கே போகப்போக மலைகளுக்குள் நுழைந்து மறைந்தது. அதற்கு அப்பால் ஆறு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. கூட வரச்சொல்லிக் கேட்க எனக்கு யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூர் வழியாகக் கோட்டையூருக்கு பஸ் பிடித்துப் போனேன். துறையில் இரண்டு மூன்று பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு பரிசல்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஜிலேபி மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள்.

"அக்கரைக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க. மேல, அந்த மலை இடுக்கு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வரோணும். வாடகைக்கு வருவீங்களா?"

"அங்க ஆருங்க இருக்கறாங்க?"

"ஆரும் இல்லீங்க. சும்மா பாக்கத்தான்."

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? பாறையும் தண்ணியுந்தான்." என் கைப்பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ஒத்தப் பொம்பளைய ஏத்திக்கிட்டு அங்கெல்லாம் போறதில்லீங்க."

நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "நில்லு சாமி. நானும் வாரேன்." வாணலியை இறக்கி வைத்து மீனைத் தட்டால் மூடிவிட்டு, புருஷனைப் பார்த்து, "எடுங்க துடுப்ப" என்றாள்.

பரிசலில் என்னை ஒட்டியே உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் என் முந்தானையின் நுனி அவள் கைப்பிடிக்குள் இருப்பதைக் கவனித்தேன். காற்றில் பறக்காமலிருக்கப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"மாமியா கொடுமையா சாமி?"

"கல்யாணமே ஆகலீங்க."

"த்சொ. ஆராச்சும் ஏமாத்திப்போட்டானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இல்லை என்று தலையாட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

அகலத் தண்ணீரைத் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. துடுப்புச் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. பழைய வெள்ளங்களின் மட்டம் பாறையில் வெளுத்த கோடுகளாகத் தெரிந்தது. நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. நிழல் விழுந்த இடத்தில் தண்ணீர் கரும்பச்சையாக, அசையாமல் இருந்தது. எங்கள் ஊர் மணலில் காலை நனைத்து ஓடும் தண்ணீர் இந்த வழியாகத்தான் வருகிறது என்று நம்ப முடியவில்லை. ஆழம் தெரிகிறதா என்று பார்க்க விளிம்பைப் பிடித்துக் குனிந்தேன்.

அவள் இரண்டு கைகளாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "வேண்டாஞ் சாமி! வேண்டாம்!" பரிசல் சாய்ந்து சுற்றியது. அவர் துடுப்பை அழுத்திப் போட்டுச் சமாளித்தார்.

"ஐயோ, நான் சாக வரலீங்க!"

"வாரவங்க ஆருஞ் சொல்லிப்போட்டா வாராங்க?" என்றாள்.

முந்தின வருஷம் ஒரு பெண் இதே பரிசலிலிருந்து குதித்துவிட்டாள் என்று அவர் சொன்னார். அக்கரையில் அக்கா வீடு என்றாளாம். அதற்குப் பிறகு இவள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

அவள் பிடியை விடவில்லை. மீன் வாசனை அடிக்கும் அந்தக் கைகள் சூடாக இருந்தன. என்னை யாராவது தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதோடு அவளுடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது. "திருப்புங்க" என்றாள். மலை இடுக்குக்குள் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம். போகவில்லை.

கரையில் என்னை உட்கார வைத்து மீன் கொடுத்தாள். முள் எடுத்துக் கொடுத்தாள். பஸ் வந்ததும் கண்டக்டரிடம், "இந்த அம்மிணிய மேட்டூர்ல பத்திரமா எறக்கி உடுங்க. நடுவுல எறங்க உடாதீங்க" என்றாள். பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

அத்துடன் முடிந்திருந்தால் சரி. அடுத்த சந்தை நாளில் அவள் மேட்டூர் வந்திருக்கிறாள். பேச்சுவாக்கில் நான் எக்சேஞ்ச் என்று சொல்லியிருந்தேன். வாசலில் வாட்ச்மேனிடம், "அன்னிக்கு ஆத்துல உழுவப் போச்சே, அந்த அம்மிணி நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டாள். நான் வெளியே வந்து நின்றதும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, சந்தோஷமாகப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை.

ஆனால் சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்கள். இரவு ஷிப்ட் எனக்கு வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர் பயந்துபோய் என் அண்ணனுக்கு டிரங்க் கால் போட்டார். அதை இணைத்ததும் எங்கள் எக்சேஞ்ச்தான். அப்போது என் ஷிப்ட் இல்லை.

அண்ணன் வந்து என் பெட்டியைக் கட்டினார். லீவு எழுதிக் கொடுத்து, அப்புறம் நாமக்கல்லுக்கு மாற்றல் வாங்கி, தினமும் எங்கள் ஊர் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தேன். வீடு நிறைய ஆட்கள். ஒருத்தராவது எப்போதும் என் கூடவே இருந்தார்கள். இரவில் என் அறையில் அண்ணன் மகள் படுத்தாள். கொடிக்கால் கிணற்றுப் பக்கம் போனால் யாராவது பின்னாலேயே வந்தார்கள். அன்பாகத்தான் இருந்தார்கள். மேட்டூர் அறையில்கூட நான் அப்படித் தனியாக இருந்ததில்லை.

ஒரு நாள் அடுக்களையில் அண்ணி மட்டும் இருந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அங்க மலைக்கு நடுவுல தண்ணி எப்படி இருந்துச்சு தெரியுங்களாண்ணி? கரும்பச்சையா..."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார். "அதயெல்லாம் நெனைக்காத கண்ணு. போ, போய் மொகங் கழுவிட்டு வா. சாப்பிடலாம்."