பக்கம் மாறிய ஏரிக் கதை

எங்கள் மாமா பக்கத்தை மாற்றி அச்சடித்த சங்கதி குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். மாமாவும் கூடச் சிரித்துக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். 

மாமா என் அம்மாவின் தம்பி. கண்டி நகரத்தில், புடவைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன அச்சுக்கூடம் வைத்திருந்தார். முன்னறையில் காலால் மிதித்து ஓட்டும் இயந்திரம், பின்னறையில் குடித்தனம்; அம்மாவும் நானும் அவர்களோடுதான் இருந்தோம். மாதா கோவில் திருநாள் நோட்டீஸ், கடைப் பில், பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கல்யாணக் கடிதம் என்று சில்லறை வேலைதான். ஆனால் வேலையில் மகா கறார். ஒரு புள்ளி சரிந்து நின்றாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அத்தைக்கு வேறொரு திறமை. வாயைத் திறந்தால் மாயக்கதை கொட்டும். கேட்பதற்கு இரண்டு பேர் இருந்தோம், நானும் அவருடைய மகளும். அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள், சரியான வாயாடி. வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே “அம்மா, சோறு இருக்கா?” என்று கத்திக்கொண்டுதான் உள்ளே வருவாள். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதோடு அத்தை கதை சொல்வதையும் நிறுத்திவிட்டார். சோறு போடுவார், தலை வாரிவிடுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

மாமாதான் ஒரு யோசனையோடு வந்தார். இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிக்க ஒரு மாயக்கதைப் புத்தகம்கூட இல்லை, நீ எழுது, நான் அடிக்கிறேன் என்று நாள்தோறும் நச்சரித்தார். நச்சரிப்புத் தாங்காமல் அத்தை அடுப்படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதிய துண்டுகளை எனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார். நான் பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

கதையில் ஒரு சிறுமி நீர்க்காகத்தின் பின்னால் போய்க் கண்டி ஏரிக்குள் இறங்குகிறாள். அடியில் ஒரு ஊர் இருக்கிறது. கண்டியில் தொலைந்துபோன பொருளெல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறது: ஒற்றைச் செருப்புகள், குடைகள், ஊர்வலத்தில் யானை தவறவிட்ட மணி. அங்கே யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. நடுவில் ஒரு பக்கத்தில், தூங்கிப்போன அம்மாவின் கனவில் சிறுமி ஈரத் தலையோடு வந்து கதவைத் தட்டுகிறாள். “அம்மா, சோறு இருக்கா?” என்று கேட்கிறாள். விழித்துப் பார்த்தால் கதவு சாத்தியபடியே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சிறுமி ஏரிக்கு அடியிலேயே தங்கிவிடுகிறாள். அங்கிருந்து தன் வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த முடிவு மாமாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

“அந்தப் புள்ளைய வீட்டுக்குக் கொண்டாந்துடேன். படிக்கிறதுங்க அழும்,” என்றார் மாமா.

“போனவ எப்படிங்க வருவா? வந்துட்டாள்னு எழுத எனக்கு ஏலாது.”

மாமா ஈய அச்சு எழுத்துக் கோர்க்கப் போய்விட்டார். அத்தை ஒவ்வொரு பக்கத்தையும் அடியில் உள்ள எண்ணோடு சேர்த்துப் பிழை பார்த்துக் கொடுத்தார்.

தாள் அடித்து வந்ததும் மடிப்பது எங்கள் வேலை. நானும் அம்மாவும் பாயில் உட்கார்ந்து மூங்கில் சிம்பால் தேய்த்துத் தேய்த்து மடிப்போம். மாமா கற்றுக்கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்று. எழுத்தைப் படிக்காதே, அடியில் உள்ள எண்ணை மட்டும் பார். எண் வரிசையாக வந்தால் மடிப்புச் சரி. வழக்கமாக மடித்து முடியும்வரை எழுத்துக்களைக் கலைக்க மாட்டார். அன்றைக்கு என்னவோ, நாங்கள் பாயை விரிப்பதற்குள் எல்லாவற்றையும் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

எண்கள் ஒன்று முதல் பதினாறு வரை பிசகாமல் வந்தன. ஆனால் படிக்காதே என்றால் படிக்கிற ஜாதி நான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஏரியும் இல்லை, விளக்கும் இல்லை. சிறுமி ஈரத் தலையோடு வந்து கதவைத் தட்டுகிறாள், சோறு இருக்கா என்று கேட்கிறாள், அம்மா கதவைத் திறக்கிறாள். கதை முடிந்துவிட்டது. ஏரிக்கு அடியில் தங்கும் பக்கம் நடுவில் கிடந்தது.

“மாமா, கதை மாறியிருக்கு.”

மாமா வந்து பார்த்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “அடடா, அச்சுச் சட்டத்துல பக்கத்த மாத்தி வச்சுப் பூட்டிட்டேன் போல.”

அம்மா பிடித்துக்கொண்டாள். “கண்ணை எங்கடா வச்சிருந்தே? அவ எழுதினதே இந்த ஒண்ணு. அதையும் கெடுத்துட்டியே.”

தாளும் தீர்ந்துவிட்டது, எழுத்தும் கலைந்துவிட்டது. அத்தை ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் அடுப்புக்குத்தான் போகும். அதன் பிறகு அவர் எழுதவும் மாட்டார், பேசவும் மாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது. அந்தப் பெண் வந்துவிட்டாள் அல்லவா?

அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கடைசிப் பக்கத்தைப் படித்தார். படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தின் அடியில் விரலை வைத்தபடி மாமாவையே பார்த்தார். மாமா எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் போய்விட்டார்.

“இருக்கட்டும். இப்படியே தைச்சிரலாம்,” என்றார் அத்தை.

புத்தகம் கண்டியிலும் கலஹா பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் கையில் கிழிகிற வரை சுற்றியது. மாமாவின் பெயர்தான் கெட்டது. கல்யாணக் கடிதம் அடிக்க வருகிறவர்கள், மாப்பிள்ளை பேரையும் மாமனார் பேரையும் மாத்திராதீங்க என்று கிண்டல் செய்வார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அத்தை மறுபடி கதை சொல்ல ஆரம்பித்தார். புருஷனை விட்டுக்கொடுக்காத மனுஷி, அவருடைய தப்பைப் பெரிதுபண்ணவில்லை என்று என் அம்மா ஊரெல்லாம் புகழ்ந்தாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பெரியவளானதும் நானும் அதே அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கப் பழகினேன். ஒவ்வொரு பக்கத்தையும் அதன் அடியில் எண்ணையும் சேர்த்து வைத்து, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒருநாள் அப்படிக் கட்டிக்கொண்டிருக்கும்போது என் கை நின்றுவிட்டது. கட்டிய பக்கம் தவறுதலாக இடம் மாறினால் எண்ணும் அதோடுதான் போகும். மடிக்கிறபோதே வரிசை கெட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்கு எண்கள் கெடவில்லை. யாரோ இரண்டு பக்கத்தின் நூலையும் அவிழ்த்து, எண்களைப் பிடுங்கி மாற்றி வைத்து, மறுபடி கட்டியிருக்க வேண்டும்.

மாமா முன்னறையில் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். நான் நூலை மறுபடி இறுக்கினேன்.

பாயில் மடித்த அன்று அத்தையின் விரல் பதினாறு என்ற எண்ணின்மேல்தான் இருந்தது. மொத்தம் எத்தனை பக்கம் என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த தாளை மடிக்க எடுத்தேன்.