சவரிமுத்து மாஸ்டர் வரைந்த கடல்

ஓரத்தில் கறுப்பு மை தடவிய கார்டு போன வாரம் வந்தது. சாவுச் செய்தி சொல்லும் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் அரிமளத்து வழக்கம். நானும் வாசலில் நின்றுதான் படித்தேன். டிராயிங் மாஸ்டர் சவரிமுத்து ஆவூரில் தம் தங்கை வீட்டில் இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை என்று தங்கை மகன் எழுதியிருந்தான். கிழிக்கப் போனேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த என் மனைவி பாக்கியம் கார்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவரோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கெல்லாம் அவர் சட்டைப் பையில் சாக்குக் கட்டித் தூளோடு அலைந்தவர். வருஷம் தவறாமல் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனவர். குகைக்குள் போனதும் பாறையில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிடுவார். மேலே விதானத்தில் தாமரைக் குளம் இருக்கும்; மீன், வாத்து, பூப்பறிக்கும் ஆட்கள். "கழுத்து வலிக்குதுன்னு முனகாதீங்கடா. வரைஞ்சவன் எம்புட்டு நாள் இங்கன மல்லாந்து கெடந்திருப்பான்!" என்பார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. உங்களுக்குத் தெரியாத ஒன்று என் வீட்டில், ஒரு சின்னப் படுக்கையறைச் சுவரில் இருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. எங்கள் வீட்டில் எனக்கும் பாக்கியத்துக்கும் ஒதுக்கியிருந்த அறை அதற்கு முன் நெல் மூட்டை அடுக்கிய இடம். கட்டிலைப் போட்டால் நடக்க ஒரு முழம் மிஞ்சும். மேல் மூலையில் கையகலத்துக்கு ஒரு சன்னல். பட்டப்பகலில் சீப்பைத் தேடவும் விளக்கு வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது இருட்டாகவே பட்டதில்லை. பாக்கியம் மணமேல்குடிப் பக்கம் கடலோரத் தோப்பு வீட்டில் வளர்ந்தவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் அழைக்கப் போனபோது வரமாட்டேன் என்றாள். ஐந்தாம் மாதமும் அதே பதில்.

"உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. அந்த ரூமுக்குள்ள போனா மூச்சு முட்டுது. பச்சப்புள்ளையை அதுல போட மாட்டேன்" என்றாள்.

"பொண்டாட்டி வேணும்னா வெளக்கு ஏத்திவை, ரூமு வேணும்னா பூட்டிவை" என்று ஊரில் கேலி பேசினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அறையைக் காரணம் காட்டி ஒருத்தி வாழாமல் இருப்பாளா என்று ஆசிரியர் அறையில் ஒருநாள் வாய்விட்டுப் புலம்பினேன். படத்தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார்.

"அவங்க வீட்டுச் சொவரு என்ன நெறம் சார்?"

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

"வெயில் எங்கிட்டிருந்து உள்ள விழுது?"

அதுவும் தெரியவில்லை. மீன்குழம்பின் ருசி மட்டும் நன்றாக நினைவிருந்தது. அதைச் சொன்னேன்.

"மாமியார் வீட்டுக்குப் போனா எலையை மட்டுமா பார்க்கிறது? போய்க் கண்ணைத் தொறந்து பார்த்துட்டு வாங்க. நான் அந்த ரூமைப் பண்ணித் தாரேன். எனக்குத்தான் கடலே தெரியாது. கெணத்துத் தண்ணி, கொளத்துத் தண்ணி, அவ்வளவுதான் நம்ம படிப்பு" என்றார்.

கணக்கு வாத்தியாரான நான் நோட்டும் பென்சிலுமாகப் பஸ் ஏறினேன். மாமனார் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். தூரத்தில் பார்க்கச் சுவர் வெள்ளையாகத்தான் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் காய்ந்த மணலின் நிறம். கிளிஞ்சல் சுண்ணாம்பில் துளி மஞ்சள் காவி கலந்து அடித்திருந்தார்கள். தென்னங்கயிறு பின்னிய கட்டில். பழைய பாய்மரத் துணியைக் கிழித்துச் சன்னலுக்குத் திரை. காலையில் வெயில் அந்தத் திரை வழியாக வந்து கட்டிலில் படுத்திருந்த என் மகளின் காலில் விழுந்தது. அவள் அதை எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தாள். நோட்டை மூடிவிட்டேன். பாக்கியம் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி வந்ததும் வேலை தொடங்கியது. கடல் என்றால் நீலம்தானே என்று மாஸ்டர் வருவதற்குள் நானே சுண்ணாம்பில் நீலத்தைக் கரைத்து இரண்டு சுவர் அடித்துவிட்டேன். அறை கிணற்றின் அடிப்பக்கம் போல ஆயிற்று. மாஸ்டர் வாசற்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "நீலம் வெளிச்சத்தைக் குடிக்கும் சார். காவிதான் குடிக்காம நமக்குத் திருப்பித் தரும். சொரண்டுங்க" என்றார். சுரண்டினேன். மாமனார் அனுப்பிய கிளிஞ்சல் சுண்ணாம்பை மூன்று நாள் ஊறவைத்து, காவியைத் துணியில் முடிந்து அதில் ஆட்டி ஆட்டி அவரே நிறம் பார்த்தார். கூரையில் ஆறு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்தோம். சன்னலை இடித்துப் பெரிதாக்கினோம். அம்மா முதலில் முணுமுணுத்தார்; கண்ணாடி வழியாக வெயில் இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்து அரிசி புடைத்தார்.

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் கடல் படம் போட்ட காலண்டர் ஒன்றை மாட்டப் போனேன். மாஸ்டர் தடுத்துவிட்டார். "அதைப் பார்த்தா அந்தப் பொண்ணு மறுபடியும் பெட்டியைக் கட்டிரும். ஊரை நெனைக்க வைக்கிற படம் வேற, இங்க இருக்க வைக்கிற படம் வேற" என்று சொல்லிவிட்டு, அந்தச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குத் தாமே ஒரு கடல் வரைந்தார். என்னை உள்ளே விடவில்லை.

பாக்கியத்தை மாமனார் கூட்டி வந்தார். "பத்து நாள் இருக்கட்டும் மாப்பிள்ளை. அதுக்கு மேல அவ இஷ்டம், நான் குறுக்க வரமாட்டேன்" என்றார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் வெளியே நின்றேன். மாஸ்டர் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

"கடல்ல எங்கேங்க தாமரை பூக்கும்? வாத்து வேற நீந்துது!"

எட்டிப் பார்த்தேன். அலை அடிக்கிறது, அலைக்கு நடுவே சித்தன்னவாசல் தாமரைகள், இலையோடும் தண்டோடும். இரண்டு வாத்துகள். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "நான் கடலைக் கண்டேனாம்மா? தண்ணின்னா தாமரை இருக்கும்னு நெனைச்சேன். அழிச்சிடவா?"

"அழிச்சா நான் ஊருக்குப் போயிருவேன்" என்றாள்.

பத்தாம் நாள் மாமனார் வந்தார். கட்டிலில் வெயிலை உதைத்துக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார். "நீங்க கெளம்புங்கப்பா, நான் வரலை" என்று பாக்கியம் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு வருஷா வருஷம் மாஸ்டரைக் கூப்பிடுவோம். "ஒருநாள் எங்கப்பா வீட்டுக்கு வாங்க மாஸ்டர், நெசமான கடலைக் காட்டுறேன்" என்பாள் பாக்கியம். "தாமரை இல்லாத கடலைப் பார்த்து என்னம்மா பண்றது?" என்று நழுவிவிடுவார். ஓய்வு பெற்று ஆவூருக்குப் போனவர் கடலைப் பார்க்காமலே போய்விட்டார் என்பதுதான் கார்டைப் படித்தபோது எனக்கு முதலில் வந்த வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஆவூருக்குப் போனோம். பூசை முடிந்து, கோயிலுக்கு வெளியே அவர் தங்கையிடம் இந்த வருத்தத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"கடலைப் பார்க்கலையா? எங்கண்ணனா? வேளாங்கண்ணிக்கு வருஷந்தவறாம நடந்தே போவாங்களே! கொடியேத்தம் முடிஞ்சா கடல்ல முழுகிட்டு, விடிய விடிய மணல்லயே ஒக்காந்திருப்பாங்க. நாங்கதான் பிடிச்சு இழுத்துட்டு வரணும்."

ஆவூர்க் கிறிஸ்தவர் ஒருவர் வேளாங்கண்ணி போகாமல் இருப்பாரா? வருஷக்கணக்கில் அவரோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்த எனக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் தோன்றவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு வா என்று அவர் என்னிடம் சொன்னதில் தப்பே இல்லை.

பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "அலை திரும்பிப் போறப்ப மணல்ல ஒரு நுரைக்கோடு நிக்கும். அது மறையறதுக்குள்ள அடுத்த அலை வந்து மேல ஏறும். அந்தக் கோட்டை அப்படியே போட்டிருந்தாரு. பார்க்காதவங்க கைக்கு அது வராதுங்க."

"அப்ப ஏன் சொல்லலை?"

"பத்தாம் நாள் திரும்பிப் போயிரணும்னு முடிவு பண்ணித்தான் உள்ள காலை வெச்சேன். அவரு என்னைச் சிரிக்க வெச்சுட்டாரு. அதுக்காக ஒரு மனுசர் தன்னையே ஒண்ணும் தெரியாதவராக்கிக்கிட்டு நிக்கிறப்ப, எனக்குத் தெரியும்னு சொல்லலாமா?"

ஒவ்வொரு தை மாதமும் அந்த அறைக்கு நானேதான் சுண்ணாம்பு அடிக்கிறேன். தாமரைகளைச் சுற்றி மட்டையை மெதுவாக ஓட்டுவேன். மாஸ்டரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சுவரும், எதிரில் இருப்பதைக் கண் திறந்து பார்க்கும் பழக்கமும். இரண்டாவதை இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆவூரிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அந்தச் சுவருக்குக் கிட்டே போய் நின்று நுரைக்கோட்டைத் தேடினேன். இருந்தது, இத்தனை வருஷமும் என் கட்டிலுக்கு நேரெதிரே. அதற்கு ஒரு சாண் மேலே, வீட்டுக்குள் வரவே கூடாத அந்தக் கார்டைப் பாக்கியம் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தாள்.