ஆடு தின்ற லேபிள்கள்

முத்தையா அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் செல்வி போன் செய்தாள்...

அறுபதுகளில் சிவகாசியில் ஒரு பார்சல் லாரி ஆபீஸ். நான் புக்கிங் கிளார்க். அவர் பண்டல்களில் ஊர்ப்பெயர் எழுதுகிறவர். கறுப்பு மை, ஒரு பிரஷ். சாக்கின்மேல் ‘மதராஸ்’ என்று எழுதினால் தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

இரண்டாம் வகுப்புதான் படித்தவர். என்னை ‘பி.ஏ.ம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸ் வாசலில் வைத்தே அப்பா சொன்னார், "ஒரு குறை காதுல விழுந்தாலும் அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

பக்கத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த அண்ணன் காதிலும் அது விழுந்தது.

அந்த வருடம் காலண்டர் சீசன். பிரஷ் எழுத்து எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது... காலேஜ் திமிர்தான். லேபிள் எழுதி, மைதாப் பசை காய்ச்சி, எல்லாப் பண்டலிலும் நானே ஒட்டினேன்.

"வெளிய ஆடு திரியுது பி.ஏ.ம்மா. மேல பிரஷ்லயும் ஒரு இழுப்பு இழுத்துரவா?"

"வேண்டாம்ண்ணே, அழகு போயிரும்."

மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் ஐந்து ஆடுகள். பசை ருசி. ஒரு லேபிள்கூட மிச்சமில்லை. எந்தப் பண்டல் எந்த ஊருக்கு என்று தெரியாமல் லோடு அப்படியே நின்றது.

"யாருலே ஒட்டுனது?" முதலாளி கத்தினார்.

எழுந்து நின்றேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"நாந்தாங்க மொதலாளி. புதுசா செஞ்சு பாப்பமேன்னு..."

"ஆட்டுக்கு விருந்தா வைக்க? இனி பிரஷ்ஷைத் தொட்ட, தொலைச்சிருவேன். போய் மூட்டையைத் தூக்கு!"

வேலையை விடும்வரை மூட்டைதான் தூக்கினார். முதுகு வளைந்துவிட்டது. வேறொருவர் எழுதிய பண்டல்களைத் தூக்கும்போது எழுத்துப் பக்கம் பார்க்கவே மாட்டார்.

நான் அதே ஆபீஸில் ஹெட் கிளார்க் ஆனேன்.

ரொம்ப வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், அந்தப் பேச்சை எடுத்தேன்.

"விடுங்க பி.ஏ.ம்மா. அந்த ஆடுக செத்தே எம்புட்டு வருசமாச்சு! காப்பி குடிக்கீகளா?"

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்...

அவர் வீட்டில் இன்றைக்கும் அது ‘அப்பா ஆட்டுக்கு விருந்து வச்ச கதை’. காலையில்கூட செல்வி அதைச் சொல்லித்தான் அழுதாள்.

செல்வி, நீ இதைப் படிப்பாய். லேபிள் ஒட்டியது உன் அப்பா இல்லை. நான்.

போயிட்டு வாங்கண்ணே.