தட்டை மறைத்த கை

பக்கவாதம் வந்ததில் என் கணவருக்கு வலது கை விழுந்துவிட்டது. "சாப்பாட்டை அளவாக் குடுங்கம்மா. எடை குறைஞ்சா மூளைக்கும் நல்லதா இருக்கலாம்" என்றார் பீளமேட்டு டாக்டர். அவர் அளவாகத்தான் சாப்பிட்டார்; எனக்குத்தான் மனசு வரவில்லை. கட்டினவருக்கு அளந்து போடுவது பாவமாகத் தோன்றியது.

ஒரு சஷ்டியன்று, அரிசிபருப்பு சாதத்தில் நெய் விட்டு இன்னொரு கரண்டி வைக்கப் போனேன். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"போதும் அம்மணி."

"ஒரு கரண்டிதானுங்க. பாதி ஆளாப் போயிட்டீங்க."

"நீ சொன்னா கேக்கமாட்டே" என்று தட்டை மறைத்தார்.

மறைத்தது வலது கை. மடியில் கிடந்தது, நடுங்கிக்கொண்டே எழுந்து வந்திருந்தது.

மருந்தோ, பயிற்சியோ, குறைந்த சாப்பாடோ, எனக்குத் தெரியாது. இன்றும் அந்தக் கை தட்டை மறைத்தால், முருகா என்று கரண்டியை நிறுத்திக்கொள்கிறேன்.