மஞ்சள் தண்ணீர் பட்ட கணினி

என் கணவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று, துடக்குக் கழிக்க வீடெங்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தேவாரம் பாடிக்கொண்டிருந்த கணினிக்கும் மாவிலையால் நன்றாகவே தெளித்துவிட்டேன். படாரென்று வெடித்து, புகைந்து நின்றது. அதில்தான் நானும் அவரும் ஒரு பழைய கார் ஓட்ட விளையாட்டில் போட்டி போடுவோம். முதலிடத்தில் அவர் பெயர் இருந்தது.

திருத்த வந்தவர், "இது பழசு அம்மா, எறியுங்கோ. புதுசிலை கேம் பறக்கும்" என்றார்.

"பறக்கத் தேவையில்லைத் தம்பி. கேமிலை என்ரை மனுசன்ரை பேர் உள்ளை கிடக்குதோ எண்டு பாரும்" என்றேன்.

பவர் சப்ளையை மாற்றிப் போட்டார். பெயர் இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போதெல்லாம் பிளக்கைக் கழற்றி, கணினியை மூடிய பிறகே தண்ணீர் தெளிக்கிறேன். முதலிடத்தில் இன்னும் அவர்தான். இரக்கப்பட்டு நான் விட்டுவைக்கவில்லை. தினமும் வெல்லத்தான் பார்க்கிறேன்.